தலைவாசல் எந்தப் பக்கம்

கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம்
தகரக் கொட்டகையில் மூன்றாவதாக நின்றது.
வெள்ளை. பக்கவாட்டில் புதிதாய் ஒரு நீலப் பட்டை.
"படுக்கை ரெண்டு, அடுப்பு ஒண்ணு,
நாப்பது லிட்டர் தண்ணித் தொட்டி,
வீடே உருண்டு வருதுன்னு வெச்சுக்கங்க"
என்றார் தரகர் அர்த்தநாரி.

வீட்டைப் பற்றி என்னிடம் சொல்லக் கூடாது.
பத்தொன்பது வருடமாய் மின்கணக்கு எடுப்பவன்.
குகையில், அம்மாப்பேட்டையில், செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில்
எல்லார் வாசலும் தெரியும்,
எந்த நாய் குரைக்கும், எது கடிக்கும் என்பதும்.
எங்கள் சேமிப்புக்கு ஒன்றரை சென்ட் வரும் என்றார்கள்.
ஒன்றரை சென்ட்டில் சுவர் எழுப்பினால்
சுவர் மட்டும்தான் இருக்கும்.
செண்பகவல்லிதான் சொன்னாள்,
"நகராததை வாங்க முடியாட்டி நகர்றதை வாங்குவோம்."

மைத்துனர் கேட்டார், "தலைவாசல் எந்தப் பக்கம்?"
"ஆத்தூர் தாண்டி" என்றேன்.
அதோடு அவர் பேசவில்லை.

டயரைத் தட்டினேன்.
அடியில் படுத்து சேஸிஸைப் பார்த்தேன்.
எஃப்.சி. தேதி, இன்சூரன்ஸ், பேட்டரி.
மீட்டர் எண்பத்தோராயிரம் காட்டியது.
மீட்டர் பொய் சொன்னால் எனக்குத் தெரியும்,
நெம்பிய திருகில் ஒரு வெட்கம் இருக்கும்.
இதில் இல்லை.

அவள் மேலே பார்த்தாள்.
கூரையில் ஒரு கொக்கி.
விரிப்பை விலக்கினாள், நான்கு துளைகள்,
நீளவாக்கில் தேய்ந்த ஒரு தடம்.
பெரியாஸ்பத்திரி இரவுப் பணி முடித்து
அப்படியே வந்திருந்தவள்
"ஸ்ட்ரெச்சர் ஓடின இடம்" என்றாள்,
கத்தரிக்காயில் பூச்சித் துளையைக் காட்டுகிற குரலில்.

அர்த்தநாரி தொண்டையைச் செருமினார்.
"ஒரே ஓனருங்க. ஆஸ்பத்திரி ஓனர்."

எனக்குக் கால் பின்வாங்கியது.
இங்கே தலை சாய்க்கிற நினைப்பே
நாக்கில் இரும்பாய்க் கசந்தது.
அவளோ,
"நான் பார்த்ததுல முக்கால்வாசிப் பேர்
வார்டு சாப்பாட்டைத் திட்டிக்கிட்டே
நடந்துதான் வீட்டுக்குப் போனாங்க.
ஓட்டிப் பார்த்துட்டு வருவோம்."

கோரிமேடு கடந்து மலை ஏறினோம்.
வண்டியை யார்டுப் பையன் சுலைமான் ஓட்டினான்.
நீளம் போதுமா பார்க்கிறேன் என்று
அவள் பின்னால் படுத்துக்கொண்டாள்.
மூன்றாம் வளைவில் கரண்டிகள் கொட்டின.
ஏழில் தண்ணீர்த் தொட்டிக்கு விக்கல்.
பதினொன்றில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்க
ஒரு குரங்கு பக்கக் கண்ணாடியில் தன்னையே
முன்னும் பின்னும் சோதித்துவிட்டு
வேண்டாம் என்று போயிற்று.
பின்னாலிருந்து சத்தமே இல்லை.

தூங்கியிருந்தாள்.

பகலில் தூக்கம் வராதவள்.
போர்வெல் லாரி, குக்கர் விசில், மேல்வீட்டு மிக்ஸி
ஒவ்வொன்றுக்கும் விழித்து
ஆறு வருடமாய்க் கண்ணுக்கடியில் கருப்பு சேர்த்தவள்.
வாய் லேசாய்த் திறந்து, ஒரு கை தொங்க,
வளைவுக்கு வளைவு கொஞ்சம் உருண்டு
மறுபடி நடுவுக்கு வந்தபடி.

"மெதுவா" என்றேன் பையனிடம்.
"ஃபர்ஸ்ட் கியர்லதாங்க இருக்கேன்."
"அதுலயே மெதுவா."
பின்னால் ஹாரன்கள் திட்டின.
சில்வர் ஓக் நிழல்கள் ஒவ்வொன்றாய்
அவள்மேல் ஏறி இறங்கின.

ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்தியபோது போன் அதிர்ந்தது.
"என்னங்க, முடிச்சிரலாமா? எட்டு நாப்பது."
அவள் எழுந்துவிடுவாளே என்று "ம்" என்றேன், மூச்சளவு.
"அப்படிச் சலிச்சுக்காதீங்க. எட்டு இருபது."
மூச்சை மட்டும் விட்டேன்.
"சரி, எட்டு. இதுக்குக் கீழ என் கையைக் கடிக்கும்."
வாழ்நாளில் நான் ஜெயித்த ஒரே பேரம்,
வாயைத் திறக்காமல்.

இறங்கும்போது விழித்தாள்.
எந்த வார்டு என்பதுபோல் சுற்றிப் பார்த்தாள்.
கை தானாய்க் கொக்கிக்குப் போனது,
சொட்டின் வேகத்தைச் சரிசெய்யப் பழகிய கை.
அங்கே ஒன்றுமில்லை.
கொஞ்ச நேரம் உயர்த்தியபடியே இருந்தாள்.
பிறகு கைப்பையை எடுத்து அதில் மாட்டினாள்.

"இது எத்தனாவது வளைவு?"
"கணக்கெடுக்கலை" என்றேன்.
பை ஆடிக்கொண்டே வந்தது.